துண்டுக்கு அடியில் ஒரு சண்டை

போன ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு அவினாசி ரோட்டில் ஒரு மாலுக்குப் போயிருந்தேன். மேல்மாடியில் விளையாட்டுக்கூடம். கார்டைத் தேய்த்தால் ஆட்டம். எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். எதிலும் ஒரு வாசனை இல்லை. மகள் கார் ஓட்டப் போய்விட்டாள். மூலையில் ஒரு சண்டை ஆட்ட மெஷின் நின்றது. பழைய ஆட்டத்தையே புதுப் பெட்டியில் போட்டிருந்தார்கள். சும்மா நின்றவன் அதன் கைப்பிடியைத் தொட்டேன். தொட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? வலது பக்கம் திரும்பி, யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

வீடியோ கேம் கடைகள் உங்களுக்கு நினைவிருக்கும். வெயில் பட்ட தகர ஷட்டர், உள்ளே இருட்டு, சூடேறிய தூசியும் வியர்வையும் கலந்த ஒரு நெடி. பீளமேட்டில் நான் போன கடைக்குப் பக்கத்திலேயே பேக்கரி இருந்ததால், அந்த நெடியோடு தேங்காய் பன் வாசமும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் தேங்காய் பன்னைப் பிட்டால் கைப்பிடி வளைத்துப் பழகிய என் இடது மணிக்கட்டு லேசாகத் துடிக்கும். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

அப்போது ஒரு பம்பு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மகன் பெரிய எஞ்சினியர் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரிய எஞ்சினியர், சாயங்காலம் ஆனால் காலேஜ் பையன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, "அடுத்தது நானுங்க" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரரை எல்லோரும் தரகரண்ணன் என்போம். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். மாட்டு முடி ஒத்துக்கொள்ளாமல் இரைப்பு வந்து, டாக்டர் அதட்டி, தொழிலை மாற்றிக்கொண்டார். ஒரு நாளும் அவர் ஆடிப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு மெஷினின் குணமும் தெரியும். "அது கொஞ்சம் மொரடுங்க, பதனமாப் புடிங்க" என்பார். படம் அசையாமல் நின்றுபோனால், விலாவில் இரண்டு தட்டுத் தட்டி எழுப்பிவிடுவார்.

சண்டை ஆட்டத்தில் பெரிய தகராறே கையைப் பார்ப்பதுதான். பக்கத்தில் நிற்பவன் கைப்பிடியை எப்படி வளைக்கிறான் என்று எட்டிப் பார்த்தால் அவனுடைய வித்தை தெரிந்துவிடும். "கையைப் பாக்கறான்!" என்று தினம் கூச்சல். ஒருநாள் தரகரண்ணன் பொறுக்கமாட்டாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு பேர் கையையும் மூடினார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தானே விலை பேசுவார்கள், சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

"கை மறைவா இருந்தாத்தானுங்க யாவாரம் சுத்தமா இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கடையில் துண்டு போட்டுத்தான் சண்டை. காந்திபுரத்துக் கடைகளில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

என் எதிராளி ஒரு மில்காரர். என் வயதுதான் இருக்கும். ஷிப்ட் முடிந்து நேராக வருவார். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருக்கும். பெயர் கேட்டதில்லை. அவருக்கு நான் "ஏனுங்க", எனக்கு அவர் "ஏனுங்க". திரையில் அவருடைய ஆள் என் ஆளின் நெஞ்செலும்பை நொறுக்குவான். இவரோ, "அடிச்சுப்போட்டனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார். "பரவால்லீங்க, நல்லாத்தான் அடிச்சீங்க" என்று நான் சொல்ல வேண்டும். நம்மூர் மரியாதை அப்படி.

அவரிடம் ஒரு அடி இருந்தது. பம்பரம் என்போம். ஆள் ஒற்றைக் காலில் சுழன்று வந்து விழுந்தால் எதிரி எழுந்திருக்கவே முடியாது. அந்தக் கடையில் வேறு யாருக்கும் அது வராது. ஒரே ஒருமுறை அந்தப் பம்பரத்தால் அவரையே அடித்துவிட வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் வாழ்க்கை லட்சியம். ஆபீசில் ஸ்கேலைப் பிடித்து வளைத்துப் பழகி, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மில்காரரிடமே கேட்டும் பார்த்தேன். "அதை மட்டும் கேக்காதீங்க" என்று சிரித்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் பாதி ஆட்டத்தில் கரண்ட் போனது. பையன்கள் எல்லாம் பேக்கரிக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் கையை எடுக்காமல், இருண்ட திரையைப் பார்த்தபடி நின்றோம்.

"ஏனுங்க, நாளையிலிருந்து நான் வரமாட்டனுங்க" என்றார். "மில்லைச் சாத்திப்போட்டாங்க. எங்கூரு கோபிக்கே போறேன். அங்க வாழைத்தோட்டம் பாக்க மச்சான் கூப்புடறாரு."

அப்போது துண்டுக்கு அடியில் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. கைப்பிடியோடு சேர்த்துக் கீழே இழுத்தது, பக்கவாட்டில் வளைத்தது, மேலே தள்ளி மறுபடி கீழே கொண்டுவந்து நிறுத்தியது.

"கடேசில அவசரப்படக் கூடாதுங்க. ஒரு மூச்சு உட்டுப்போட்டுத்தான் பொத்தானை அமுக்கோணும்."

கரண்ட் வந்தது. ஒரு ஆட்டம் ஆடலாம் என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார். அப்புறம் வரவேயில்லை.

கடையும் நெடுநாள் ஓடவில்லை. மில்கள் மூடியதில் சாயங்காலக் கூட்டம் பாதியானது. வீட்டு டிவியில் கேசட் செருகி ஆடினார்கள், பிறகு கம்ப்யூட்டர், பிறகு செல்போன். கேம் கடைக்குப் போனால் பையன் கெட்டுப்போவான் என்ற பெயர் வேறு. கம்பெனி வேலையாக ஜப்பான் போய்வந்த நண்பர், அங்கே இன்னும் மாடி மாடியாக இந்தக் கடைகள் இருக்கின்றன என்கிறார். வீடு சின்னதாம், அதனால் விளையாட வெளியே வருகிறார்களாம். நாம் வீட்டைப் பெரிதாகக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குள் போய்விட்டோம். தரகரண்ணன் மெஷின்களைப் பழைய இரும்புக்காரருக்கு விற்ற அன்று, துண்டுக்கு அடியில்தான் விலை பேசினார். என்ன விலைக்குப் போனது என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள்.

மாலில் மகள் வந்து கார்டைத் தேய்த்துவிட்டாள். எனக்கு எதிராக ஆட மெஷினே ஒரு ஆளை அனுப்பியது. கீழே, பக்கவாட்டில், மேலே, மறுபடி கீழே. ஒரு மூச்சு விட்டேன். அமுக்கினேன். ஒற்றைக் காலில் சுழன்றது பம்பரம்.

"அப்பா, சூப்பர்!" என்று மகள் குதித்தாள்.

என்னையறியாமல் வலது பக்கம் திரும்பி, "அடிச்சுப்போட்டனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன்.

"யாருகிட்டப்பா பேசறீங்க?"

அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். எப்போதும் பக்கத்தில்தானே நின்றோம், திரையைப் பார்த்தபடி. காலர் பஞ்சு ஞாபகம் வந்தது, அந்தக் கையின் சூடு ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

"பேரு கேட்டு வெக்கலை கண்ணு" என்றேன்.