வந்து தொலைந்த புத்தகம்

அந்த நூலகத்தின் புத்தகங்களுக்குக் காது கேட்கும். மலையைக் குடைந்து அறைகளைச் செதுக்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. சொன்னதை அப்படியே செய்தும் விடும். அதனால் இரவல் கொடுக்கும்போது அட்டையைத் தட்டி, "போயிட்டு வா" என்று முழுசாகச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். வெறும் "போ" என்றால் போனதுதான்.

இரவல் மேசையில் இருந்தவளை ஊரே இரவலக்கா என்றுதான் கூப்பிட்டது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை. அன்றைக்கென்று பார்த்துத் தவறியது.

ஆற்றுக்கு அக்கரையில் அவள் மகளுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். "பயமா இருக்கு, இன்னிக்கே வந்துடும்மா" என்று காலையிலேயே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தாள். சாயங்காலப் படகை விட்டால் மறுநாள்தான். அந்த அவசரத்தில், காற்றுகளைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்று மேல்தட்டிலிருந்து நழுவி அவள் கால் கட்டைவிரலில் விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது, அதே விரலில்.

"சீ, போய்த் தொலை!"

புத்தகம் பணிவாக எழுந்து போய்த் தொலைந்தது.

மேலாளர் வயதில் சின்னவர், சட்டம் பேசுவதில் பெரியவர். "புத்தகம் வந்தா நீங்க கிளம்பலாம்க்கா. வராம விட முடியாது."

"பொண்ணு அங்க தனியாக் கெடக்கா சார்."

"மாப்பிள்ளை இருக்காருல்ல?"

"இருக்காரு. ரத்தத்தப் பாத்தா முதல்ல அவரைத்தான் தூக்கிக் கிடத்தணும்."

மேலாளர் சிரிக்கவில்லை. இரவலக்கா தேடினாள். ஏணி ஏறி ஒட்டடைக்குள் தலையை விட்டாள். வரைபடங்கள் உலர்த்தும் ஈர அறையில் மண்டியிட்டாள். "வாடா ராசா, என் தங்கமில்ல" என்று ஒவ்வொரு அறையிலும் கொஞ்சினாள். அந்தக் கொஞ்சல் அறை வாசலைக்கூடத் தாண்டவில்லை. எங்கே தொலைந்திருக்கிறதோ, அதன் காதில் விழ வேண்டாமா?

மேலாளரின் அறைக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தபோது துறையில் படகுச் சங்கு ஊதியது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. மலையே அதிரக் கத்தினாள்:

"வந்து தொலையேன், சனியனே!"

வந்தது. கதவை இடித்துக்கொண்டு பறந்து வந்து மேலாளரின் மேசையில் தொப்பென்று விழுந்தது. அவர் கையை நீட்டுவதற்குள் தொலைந்தது.

"எங்கக்கா அது?"

"வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு... ஆனா..."

"வந்தா கிளம்பலாம்னுதான சொன்னீங்க? வந்து உக்காந்தாத்தான்னா சொன்னீங்க?"

மேலாளர் முகம் சிவந்து வாயைத் திறந்தார். நடைக்கூடம் முழுக்க அலமாரிப் புத்தகங்கள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. திறந்த வாயை மூடிக்கொண்டு, கையை மட்டும் வாசல் பக்கம் ஆட்டினார்.

கட்டைவிரல் வலிக்க ஓடி, அவிழ்த்த கயிற்றைத் தாண்டிப் படகுக்குள் குதித்தாள்.

அக்கரையில் மாப்பிள்ளை வெளிறிப்போய் வாசலில் நின்றார். உள்ளே மகள் கட்டில் சட்டத்தைப் பற்றியபடி வியர்த்துக் கிடந்தாள்.

"இவ்வளவு நேரமாம்மா? அந்தப் பாழாப்போன புத்தகங்களையே கட்டிக்கிட்டு அழு!"

வழியெல்லாம் மேலாளருக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் இரவலக்காவுக்கு மறந்துபோயிற்று. கையைக் கொடுத்தாள். மகள் அதை எலும்பு நொறுங்கப் பிடித்தாள்.

"கத்துடி, நல்லாக் கத்து. இங்க ஒட்டுக் கேக்க ஒருத்தரும் இல்ல."