குளிரில் வைக்காத குப்பி

குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார் எங்கள் ஆய்வக உதவியாளர். உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளுக்குத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. "பாத்தீங்களா, முகம் வெளுத்துடுச்சு. பசி" என்கிறார் என்னிடம். புதுத் திரவம் உள்ள பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிச் சூடேற்றுகிறார். அதற்கென்று வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "தொட்டிக்கு என்ன தெரியும்? சில்லுனு ஊத்தினா, பாவம், வாய் இருந்தா அழும்."

அந்த அறைக்குள் யார் நுழைந்தாலும் அவர் கண்ணில் ஒரு குறை படும். கையுறை சரியில்லை, முடி வெளியே தெரிகிறது, குப்பி திறந்திருக்கும்போது பேசுகிறாய். ஆராய்ச்சி மாணவர்கள், ஆண்பிள்ளையான அவருக்கு, 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் அது தெரியும், கோபப்படமாட்டார். "இருந்துட்டுப் போறேன். மாமியார் இல்லாமத்தான உங்க ரூம் எல்லாம் அப்படிக் கிடக்குது?" என்பார். நான் இந்தக் கட்டடத்துக்குச் சாமான் வாங்கும் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். சாமான் வந்ததற்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் என் பேனாவின் மேலும் ஸ்பிரிட் அடித்துத் துடைப்பார். அந்த வகையில் எனக்குக் கெட்டுப்போன பேனாக்களுக்குக் கணக்கில்லை.

அவர் வளர்ப்பது மனித ரத்தத்தின் வெள்ளையணுக்களை. ஒரு நோயில் விழுந்து எழுந்தவர் உடம்பில் சில அணுக்கள் அந்த நோயை நினைவில் வைத்திருந்து, அதை மடக்கும் ஆன்டிபாடியைச் சுரக்குமாம். அப்படிப்பட்டவரிடம் கொஞ்சம் ரத்தம் வாங்கி, அந்த அணுக்களைப் பிரித்துக் குப்பியில் வளர்த்து, சுரப்பதை எடுத்து மருந்தாக்க முயல்கிறார்கள். சும்மா விட்டால் அவை உடம்புக்கு வெளியே சில நாளில் செத்துவிடும். ஏதோ ஒரு வைரஸைத் தொற்றவைத்து அவற்றுக்குச் சாகாவரம் கொடுக்கிறார்கள். வரம் கொடுப்பது படித்தவர்கள், வேளாவேளைக்குச் சோறு போடுவது இவர். ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடுவார். சொந்தக்காரர் கல்யாணம் என்றால்கூடச் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு இங்கே நிற்பார். ஆள் ஒண்டிக்கட்டை.

நெருங்கிய உறவென்று இருப்பது ஒரே தங்கை. ஐம்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். தங்கையின் கணவர் ஒரு பொல்லாத காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்தவர். இவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அவர் சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டாராம். "எடுங்க மச்சான். பொண்ணையே குடுத்த வீடு, நான் ரத்தம் குடுக்க மாட்டனா?" அந்த ரத்தத்தில் கிடைத்த அணுக்கள் சுரந்த ஆன்டிபாடி, காய்ச்சல் கிருமியை அமுக்கிப் பிடித்ததைப் பார்த்து மேலதிகாரியே அசந்துபோனார். அடுத்த வருடம் ஒரு காலையில், செருப்பு வாரைப் போடக் குனிந்த மாப்பிள்ளை நிமிரவே இல்லை. இங்கே குப்பியில் அவருடைய அணுக்கள் பெருகிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கை வந்தார். வெளியறை மைக்ராஸ்கோப்பில் இவர் குப்பியை வைத்துக் காட்டினார். தங்கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அணுக்கள் திராட்சைக் குலைபோலக் கும்பல் கும்பலாக மிதந்தன. மாப்பிள்ளை எங்கே போனாலும் நாலு பேரைச் சேர்த்துவைத்துப் பேசுகிற மனிதர். "இங்கயும் கூட்டம் சேத்துட்டாரு பாருங்கண்ணா" என்று தங்கை சிரித்தார். மாப்பிள்ளை போன பிறகு தங்கை சிரித்தது அன்றுதான் என்று இவர் சொல்வார். கிளம்பும்போது தங்கை ஒன்று கேட்டுக்கொண்டார். "குளிர்ல மட்டும் வெச்சிடாதீங்கண்ணா. இவருக்குக் குளிரே ஆகாது."

அங்கேதான் வந்தது வினை. எந்த அணு வளர்ந்தாலும் அதில் கொஞ்சத்தை எடுத்து முதலில் நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்துவிட வேண்டும். குப்பி கெட்டுப்போனால் உறைந்ததை உருக்கி மறுபடி வளர்க்கலாம். மாணவர்கள் யாராவது இதை மறந்தால் இவர் ஆடித் தீர்த்துவிடுவார். ஆனால் மாப்பிள்ளையின் அணுக்களை உறையவைக்க மட்டும் இவருக்குக் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். மேலதிகாரி கேட்டபோது "வெச்சாச்சு சார்" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டார்.

இவர் உடம்புக்கு முடியாமல் வீட்டில் கிடந்த வாரம், குப்பிகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரின் அடியில் ஈரப்பதத்துக்காக வைக்கும் தட்டில் யாரும் தண்ணீர் மாற்றவில்லை. திரும்பி வந்து திறந்தபோது எல்லாக் குப்பிகளிலும் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. மற்ற அணுக்களெல்லாம் நைட்ரஜன் தொட்டியிலிருந்து எழுந்து வந்து மறுபடி தழைத்துவிட்டன. மாப்பிள்ளையுடையதை இவரே பிளீச்சிங் கரைசலில் ஊற்றினார்.

"பூஞ்சை கொல்லல சார், நான்தான் கொன்னேன்" என்றார் என்னிடம். "குளிர்ல வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? தூங்கியிருக்கும், அவ்ளோதான். எத்தனை பேருக்கு மருந்தாயிருக்குமோ, எல்லாத்தையும் என் கையாலயே ஊத்திட்டேன். மேலதிகாரி ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம்."  ஆறிப்போன அவர் டீயைக் கொட்டிவிட்டு வேறு வாங்கி வந்து வைத்தேன்.

தங்கையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை தங்கை வந்தபோது வேறு யாருடைய அணுக்களையோ எடுத்து வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இப்படி எத்தனை நாள் ஏமாற்றப்போகிறீர்கள் என்று கேட்டேன். "தப்புதான் சார். இதோ, அடுத்த தரம் சொல்லிடறேன்" என்றார். அந்த அடுத்த தரம் தள்ளிக்கொண்டே போனது. போன முறை தங்கையே கேட்டுவிட்டார். "முன்னெல்லாம் கூட்டமா இருப்பாரு. இப்ப ஏன்ணா தனித்தனியா இருக்காரு?" இவர் ஸ்பிரிட் பாட்டிலைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வயசாகுதில்ல பாப்பா."  தங்கை அண்ணனின் முதுகைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நேற்று வந்தார். நான் பக்கத்து மேஜையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்தார். இவர் அந்தக் கண்ணாடியை இரு கைகளாலும் பிடித்தபடி தங்கையின் முதுகுக்குப் பின்னால் நின்றார். இன்றைக்குச் சொல்லிவிடப்போகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. உதடு அசைந்தது, ஆனால் வந்தது வேறு பேச்சு.

"தெரியுதா பாப்பா?"

"தெரியுதுண்ணா. நல்லா இருக்காரு. நீங்க பாத்துக்கிறப்ப அவருக்கு என்ன குறை?"

இவர் நின்ற இடத்திலிருந்து தங்கையின் பின்னந்தலைதான் தெரியும். நான் பக்கவாட்டில் இருந்தேன். தங்கை கண்களை இறுக மூடியிருந்தார். விரல்கள் மட்டும் மைக்ராஸ்கோப்பின் திருகை இப்படியும் அப்படியுமாக மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தன.