அடியில்லாத பீப்பாய்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு குளம். அதில் மீன்கள் செத்து மிதந்தன. பெண்கள் துவைக்கிற சோப்புதான் காரணம் என்று அதிகாரி ஒருவர் முடிவுகட்டினார். பக்கத்துக் காலனிப் பெண்கள் குளத்தில் இறங்காதபடி ஆள் போட்டுத் தடுத்தார். மாதங்கள் போயும் நாற்றம் போகவில்லை.

பட்டு நூலை வேகவைத்த பசைத் தண்ணீரைச் சாயப்பட்டறைகள் பல வருஷம் அந்தக் குளத்தில்தான் விட்டிருந்தன. வாய்க்காலைத் திருப்பிவிட்டதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. வாய்க்கால் போனால் சரி, அடியில் படிந்த சேறு எங்கே போகும்?

இரண்டு தகரப் பீப்பாய்கள் வாங்கினேன். ஒன்றின் அடியை வெட்டிவிட்டுச் சேற்றுக்குள் அழுத்தி நிறுத்தினேன். மற்றதை அடியோடு வைத்தேன். இரண்டிலும் அதே குளத்துத் தண்ணீர், மேலே மூடி. புடவையைச் செருகிக்கொண்டு தினமும் இறங்கித் தண்ணீர் எடுத்து வருவேன். பட்டுப் பசை அழுகினால் வருவது அமோனியா, மீனைக் கொல்வதும் அதுதான். அமோனியா இருந்தால் மஞ்சளாக்கும் மருந்தை அதில் விடுவேன். அடியுள்ள பீப்பாய்த் தண்ணீரில் முதல்நாள் இருந்ததற்குமேல் நிறம் ஏறவேயில்லை. சேற்றின் மேல் நின்ற தண்ணீர் நாளுக்கு நாள் மஞ்சள் ஏறிப் பழுப்பாகிக்கொண்டே வந்தது. சேறுதான் விஷத்தை விட்டுக்கொண்டிருந்தது.

சோதனைக் குழாய்களை அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணிதாம்மா சேத்தைக் கெடுக்கும். சேறு எங்கியாவது தண்ணியக் கெடுக்குமா?" என்றார். குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவுக்கு முன்னால் பீப்பாய்களை எடுத்துவிடச் சொன்னார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். நான் எடுக்கவில்லை. அவரே ஆள் விட்டுப் பிடுங்கிப் போட்டார்.

கோடையில் குளம் வற்றியதும் தூர் வாரினார்கள். வாரட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மாட்டுவண்டிகள் அந்தச் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டியது காலனிக் கிணற்றோரம். ஓடினேன். இடுப்பில் குடத்தோடு நின்ற ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "நாங்க கெடுத்துட்டோம்னாங்க டீச்சர். இப்ப அதையே எங்க தண்ணியில கலக்குறாங்க."

மறுநாள் காலை அவளும் மற்றப் பெண்களும் வண்டிப்பாதையில் உட்கார்ந்தார்கள். கல்லூரிக்குப் போகாமல் நானும் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் வண்டிகள் திரும்பிப் போய்விட்டன. கொட்டிய சேற்றை அள்ள மட்டும் கடைசிவரை யாரும் வரவில்லை. மழைக்குப் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தேன். மஞ்சள். அந்த அதிகாரி பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போயிருந்தார்.