பூச்சிக்குப் பேர் வைக்க வந்தவர்

எண்பதுகளில் நான் சித்தேரியில் வாத்தியார். பூச்சி ஆராய்ச்சியாளர் ஒருவர் மலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத தொப்பி. பேசும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் குப்பியைத் தடவிக்கொள்வார். உள்ளே, எங்கள் சாமைக்காட்டைத் தின்று தீர்த்த வண்டு.

ஊரைக் கூட்டச் சொன்னார். "உலகத்துக்கே புதுசு! இதுக்குப் பேர் நீங்கதான் வைக்கணும்."

"பேரு கெடக்கட்டும்ங்க. மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார், சாமையைப் பறிகொடுத்த ஒரு விவசாயி.

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"அப்ப உங்க பேரையே வெச்சிருங்க. பொருத்தமா இருக்கும்."

ஊரே சிரித்தது. அவருக்கோ கண் கலங்கிவிட்டது. "என் பேரை நானே வைக்கக் கூடாது. ஜனங்களே ஆசைப்பட்டா வேற விஷயம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புரிந்துதான் கலங்கினாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்த வருஷமும் வண்டு வந்தது. ஊரே அதை அவர் பேரைச் சொல்லி, இனிஷியலோடு திட்டியது. மரியாதைக்குக் குறைவில்லை.