இடது கையில் ஆறு குச்சி

பஸ் கண்டக்டர் வேலைக்கு இரண்டு கை போதாது. எனக்கோ நாலு மாதம் ஒரு கைதான் நோகாமல் இருந்தது. ஜெலுத்தோங் பக்கம் ஓடிய பஸ்ஸில், இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் டிக்கெட் கிழித்தவள் நான். கையில் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்டு, வலியை யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போன அக்கா தங்கச்சிகளே, இது உங்களுக்குத்தான்.

பசார் முனை

மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, பிழைத்ததே பெரிது. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாத்திரை எனக்கு மறந்து மறந்து போகும். அதனால் கிளினிக்கில் தீக்குச்சி போல ஆறு குச்சிகளை இடது மேல்கையின் உள்பக்கம், தோலுக்கு அடியில் வைத்தார்கள். ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை, கை மட்டும் ஒரு வாரம் நோகும் என்றார் நர்ஸ்.

நாலாம் நாளே பஸ் ஏறினேன். சந்தை இருக்கும் பசார் முனையில் வண்டி திரும்பியபோது என் பாரம் முழுக்க அந்தக் கையில் தொங்கியது. "ஐயோ!" என்று அலறிவிட்டேன். எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய்ச் சொன்னார்: "சில்லறை இல்லைன்னுதானே சொன்னேன், அதுக்கு ஏம்மா இப்படி அழுவுற?"

முத்தண்ணனின் கோபம்

சட்டைக் கைக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. டிரைவர் முத்தண்ணன் கண்ணாடியில் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "தங்கச்சி, ஒம் புருஷன நாளைக்கு டிப்போவுக்கு வரச் சொல்லு லா. நான் கொஞ்சம் பேசணும்."

இன்னொரு இடது கை

கன்றல் மறைந்தது, வலி மறையவில்லை. கையைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ குத்தியது. பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை செய்த என் வீட்டுக்காரர், "வலிச்சா எடுத்துடு" என்று எளிதாகச் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டு மறுபடியும் வயிற்றில் ஒன்று வந்தால்? அந்தப் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன்.

தினமும் காலை பஸ்ஸில் வரும் சரஸ்வதி என்னையே கவனித்திருக்கிறாள். ஒருநாள் தன் இடது கையை என் பக்கம் திருப்பி, தோலுக்கடியில் விசிறி போல விரிந்திருந்த கோடுகளைக் காட்டினாள். என் மூன்று மாத வலியை அவளிடம் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பத்து நாள்ல சரியாயிடுச்சுக்கா. மூணு மாசம் வலிக்கறது வேற விஷயம். லீவு போட்டுட்டுப் போங்க."

விடுப்புக் காரணம்

போனேன். டாக்டர் விரலால் தடவிப் பார்த்து, ஒரு குச்சி மட்டும் மற்றவற்றோடு சேராமல் குறுக்கே கிடக்கிறது என்றார். ஆறையும் எடுத்துவிட்டு வலது கையில் புதிதாக வைக்கலாம், வேறு வழியும் பார்க்கலாம், முடிவு என்னுடையது என்றார். வலது கையை நீட்டினேன். இந்தத் தடவை நர்ஸ் சொன்ன ஒரு வாரம்தான். அப்புறம் அங்கே ஒன்று இருப்பதே மறந்துபோனது.

கிளினிக்குக்குப் போன நாளுக்கான விடுப்புத் தாளைக் கொடுக்க, டிப்போவில் கணக்கெழுதும் கிராணியிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று எழுதியிருந்தேன். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "என்ட மனுசியும் இதைத்தான் யோசிக்கிறா. உண்மையாச் சொல்லும், நோகுமோ?"

ஊரிலுள்ள எல்லோருக்காகவும் மணியடித்து பஸ்ஸை நிறுத்தியவளுக்கு, தனக்காக ஒருநாள் இறங்கிக் கிளினிக்குக்குப் போகத்தான் நாலு மாதம் ஆனது.