ஹாஜறாவுக்கு இரண்டு பாலைக்கட்டை

எங்கள் பேக்கரியின் பின்வளவில், போறணை அடுப்புக்குப் பக்கத்தில், அச்சிமுகம்மது காக்காவுக்கென்று ஓர் இடம் உண்டு. காலைப் பாண் இறக்கி முடிந்த கையோடு வருவார். விறகு கொத்துவதற்காகப் போட்டிருக்கும் நீளக்கட்டையில் குந்துவார். பிளேன்ரீ கேட்பார். வந்ததும் சீனி கூடிப்போச்சு என்பார், இல்லாவிட்டால் குறைஞ்சுபோச்சு என்பார். சரியாக இருந்த ஒரு நாளை நான் இன்னும் காணவில்லை. கல்முனையில் இத்தனை தேநீர்க் கடை இருக்க, இந்த மனிசன் ஏன் என் தலையிலேயே வந்து விடிகிறார் என்று ஆரம்பத்தில் எரிச்சல்படுவேன். இப்போது அவர் ஒரு நாள் வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

என் வாப்பா காலத்திலிருந்து எங்கள் போறணைக்கு விறகு போட்டவர் அவர். சாகாமத்துக்கு அப்பால் காடு. ஆலையடிவேம்பு அழகரெத்தினம் அங்கே மரம் வெட்டிப் போடுவார், இவர் தன் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் காடு என்றால் மெசின் பெட்டியில் வருகிற சாமான், அவ்வளவுதான். பாலை மரம் வந்தது, வீரை வந்தது, முதிரை வந்தது. இன்று ஒரு கதவு நிலைக்கு முதிரை தேடி ஆட்கள் ஆலாய்ப் பறக்கிறார்கள். அதை நாங்கள் மீன் வைத்த மாலு பணிஸ் வேகவைக்க எரித்தோம். அன்று யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. நல்ல விறகு, நின்று எரியும், பாணுக்கு நிறம் கொடுக்கும் என்று சந்தோசப்பட்டோம்.

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் அந்தப் பாதை மூடிக்கிடந்தபோது காடு கொஞ்சம் மூச்சுவிட்டதாம். பாதை திறந்த பிறகு எல்லாரும் ஒன்றாய்ப் போய் விழுந்தார்கள். வெட்டிய இடமெல்லாம் சேனைப் பயிர்நிலமாகி, சோளமாகி, மிஞ்சியதற்கு வன இலாகா எல்லைக்கல் நட்டுக் கண்டிப்புப் போட்ட பிறகு காக்கா மெசினை விற்றார். எரிவாயு இல்லாமல் ஊர் தவித்த வருசம் எல்லா பேக்கரிக்காரரும் திரும்பவும் விறகுக்கு அலைந்தோம். கிடைத்தது மாங்கொம்பும், மரம் விற்கிற மரக்காலைகளின் கழிவும்தான்; இன்றும் எங்கள் போறணையில் எரிவது அதுதான். பாலை என்ற பெயரைக்கூட நான் அப்போது மறந்திருந்தேன்.

காக்காவுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது மனைவி ஹாஜறா மாமி மட்டும். விறகு இறக்கும் நாட்களில் மாமி சோறு கட்டிக்கொண்டு எங்கள் பின்வளவுக்கு வருவா. அந்த நீளக்கட்டையில் இருந்துகொண்டு அவர் வேலை முடியும்வரை பார்த்திருப்பா. பிறகு இரண்டு பேரும் அதே கட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்கள். பாலை பழுக்கும் காலமென்றால் காக்கா பெட்டியின் ஓரத்தில் ஒரு கொப்பை முறித்துக் கட்டிக்கொண்டு வருவார். மஞ்சள் பழம், சின்னது, நல்ல இனிப்பு. ஆனால் தின்றால் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

"இவள்ற வாய மூடத்தான் அல்லாஹ் இந்தப் பழத்தப் படைச்சிரிக்கான்" என்பார் காக்கா.

"ஒங்கட வாய மூடுற பழம் எந்தக் காட்டுலயும் இல்ல" என்பா மாமி.

மாமி நோயில் விழுந்து சோறு இறங்காமல் கிடந்தபோது பாலைப்பழம் கேட்டா. அந்த வருசம் பாலை காய்க்கவே இல்லை. காய்த்திருந்தாலும் யார் உள்ளே போய்ப் பறிப்பது? காக்கா ரோட்டோரக் கடையெல்லாம் தேடிவிட்டு ஒரு பை அப்பிளோடு வந்தார். மாமி அதை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டா. கொஞ்ச நாளில் மௌத்தாகிவிட்டா. அதற்குப் பிறகு காக்கா எத்தனை தரம் என்னிடம் இதைச் சொல்லியிருப்பார்: "காட்டையே ஏத்தினவன் நான், ஹஸன். ஒரு பழம் குடுக்க ஏலாமப் போச்சு."

எங்கள் மையவாடியில் அடக்கம் செய்த கபுறுக்குச் சீமெந்து கட்டக்கூடாது, கல் வைக்கக்கூடாது, பெயர் எழுதக்கூடாது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று இரண்டு மரக்கட்டை நடலாம். மீசான் கட்டை என்போம். அது நிற்கிற வரைக்கும்தான் ஒரு கபுறு யாருடையது என்று தெரியும். இடநெருக்கடியான ஊர். கட்டை விழுந்து அடையாளம் போன கபுறை, காலம் சென்றதும் இன்னொருவருக்குத் தோண்டுவார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் ஒரே மண்ணுக்குத்தான் போகிறோம். ஆனால் அச்சிமுகம்மது காக்காவிடம் அதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாமிக்கு அவசரத்தில் நட்டது சவுக்குக் கட்டை. போன மாரிக்கு முன்னமே கறையான் பிடித்திருந்தது. மழை ஓய்ந்து போய்ப் பார்த்தால் கட்டையும் இல்லை, மேடும் இல்லை, எல்லாம் ஒரே மணல். காக்கா சுவரைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டு ஓரிடத்தில் நின்று ஸலாம் சொன்னார். யாஸீன் ஓதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்தால் அந்த இடம்தான். சில நாள் ஓதி முடித்துவிட்டு, வீட்டுக் கதையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு நிற்பார். நான் கொஞ்சம் விலகி நிற்பேன்.

ஒரு வெள்ளி ஸஜாத் வந்தார். எங்கள் தெருதான், காக்காவின் பக்கத்து வளவு. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"காக்கா, குறை நினைக்கவாணாம். எங்கட உம்மாக்கு நீங்க என்னத்துக்கு இவ்வளவு நாளா ஓதுறீங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸஜாத்தின் உம்மா ஆமினா உம்மாவும் ஹாஜறா மாமியும் வேலிக்கு மேலால் வளர்ந்த ஒரு முருங்கைக் கொப்புக்காகக் கோபித்துக்கொண்டவர்கள். சாகும்வரை முகம் பார்த்துக் கதைத்ததில்லை. காக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்.

"அவள் பக்கத்துல கிடந்து கேட்டுக்கிட்டு இரிந்திரிப்பாளே! என்னைய என்ன ஏச்சு ஏசியிரிப்பாள்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே மணலில் குந்தி அழுதார். எனக்குச் சிரித்தது வெட்கமாகிவிட்டது.

ஸஜாத் நல்ல மனிசன். முட்டுக்காலில் நின்று கையாலேயே மணலைக் கிளறினார். கொஞ்சம் தள்ளி, பழைய சவுக்குக் கட்டையின் அடித்துண்டு உக்கிப்போய் அகப்பட்டது. அந்த இடத்தில் ஒரு மாங்கொம்பை ஊன்றிவிட்டு வந்தோம். அடுத்த மாரியோடு பழைய வரிசைகளைத் திருப்பித் தோண்டப்போகிறார்கள் என்று பள்ளிவாசலில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மாங்கொம்பு மாரியைத் தாங்காது என்பது யாருக்கும் தெரியும்.

"பாலைக்கட்டை வேணும். பாலையெண்டா நான் மௌத்தாகினாலும் அது நிக்கும்" என்றார் காக்கா.

தேடினோம். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் என்று மரக்காலை மரக்காலையாக ஏறி இறங்கினோம். தேக்கு இருந்தது, பால் மாறாத இளந்தேக்கு. வெளிநாட்டுப் பலகை இருந்தது. ஒருவன் பாலை என்று சொல்லிச் சாயம் பூசிய ஏதோ ஒன்றைத் தந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து நனைத்ததும் சாயம் கையோடு வந்தது. நான் திரும்பிப் போய் அவனிடம் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

கடைசியில் பாலை பழுக்கும் நாட்களில், பாண் வானில் காக்காவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஆலையடிவேம்பில் அழகரெத்தினத்தார் ஏறிக்கொண்டார். அவர் மரம் வெட்டுவதை விட்டுக் கன காலம், இப்போது சாகாமக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார். வழி நெடுகக் காக்கா கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். வயல். பிறகு சோளம். பிறகு வரிசை வரிசையாக நட்ட தேக்கு. அதற்குப் பிறகு யானைவேலிக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் வெகு தூரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது.

"காடு எங்க அழகரெத்தினம்?"

"இதென்ன கேள்வி காக்கா? நான் வெட்டினன், நீங்க ஏத்தினீங்க, இவர்ர வாப்பா எரிச்சாரு. பாண் திண்ட ஆக்களிட்டப் போய்க் கேளுங்க."

மூன்று பேரும் சிரித்தோம்.

"அங்கால தெரியிறதுக்குள்ள போக ஏலா" என்றார் அழகரெத்தினத்தார் கொஞ்சம் கழித்து. "விழுந்து கிடக்கிற சுள்ளி எடுத்தாலும் பிடிப்பாங்க. பிடிக்கிறதும் சரிதான். நம்மள விட்டா அதும் மிஞ்சாது."

அவருடைய வயல் வரம்பில் ஒரே ஒரு பாலை நின்றது. அடியில் வைரவருக்கு ஒரு சூலம், ஒரு விளக்கு. அதனால்தான் அது தப்பியது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். காக்கா போய்ப் பட்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அழகரெத்தினத்தார் தலையைக் குனிந்தார். "காக்கா, கேட்டிராதீங்க. கேட்டீங்கெண்டா நான் இல்லையெண்டு சொல்லோணும். உங்களிட்ட அதச் சொல்ல எனக்கு ஏலா."

"நான் கேக்கல்ல. பாக்கத்தான் வந்தன்" என்றார் காக்கா.

மரத்தடியெல்லாம் பழம் உதிர்ந்து கிடந்தது. காக்கா ஒன்றை வாயில் போட்டார். மற்றதையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கி லேஞ்சித் துணியில் முடிந்தார். கல்முனை வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை, உதடு ஒட்டியதாலா என்று எனக்குத் தெரியாது. அவருடைய வீட்டு வாசலில் வானை நிறுத்தினேன். இறங்கியவர் பூட்டிய கதவைப் பார்த்தார். பிறகு லேஞ்சியைப் பார்த்தார். திரும்பி வந்து அதை வானில் எனக்குப் பக்கத்துச் சீற்றில் வைத்தார்.

"நதீராக்குக் குடுங்க" என்றார்.

என் மனைவி ஒன்றை எடுத்து வாயருகில் கொண்டுபோய்விட்டுத் திரும்ப வைத்தாள். "எனக்கு இது இறங்காதுகா" என்றாள். எறும்பு வரும்வரை அந்தப் பழங்கள் மேசையிலேயே கிடந்தன.

அதற்குப் பிறகு காக்கா மீசான் கட்டையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். பிளேன்ரீயைக் குறை சொல்வதையும் விட்டுவிட்டார். எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

ஒரு காலை வழமைபோல் கட்டையில் குந்தியிருந்தார். எங்களுக்கு விறகு கொத்துகிற றிபாஸ் மாங்கொம்புகளோடு வந்தான்.

"காக்கா, கொஞ்சம் எழும்புங்க. கொத்தணும்."

எழுந்து நின்றார். றிபாஸின் கோடாலி மாங்கொம்பில் படாமல் சறுக்கி அடிக்கட்டையில் விழுந்தது. கணீரென்று ஒரு சத்தம். கோடாலி துள்ளி மேலே வந்தது. அந்தச் சத்தத்தை நாங்கள் எல்லாரும் எத்தனையோ வருசமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"இன்னொருக்காக் கொத்துங்க மனே" என்றார் காக்கா.

றிபாஸ் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். திரும்பவும் அதே சத்தம். காக்கா குந்தி, கட்டையில் அப்பியிருந்த மாவையும் சாம்பலையும் கையால் துடைத்தார். மடக்குக் கத்தியை எடுத்து ஓரிடத்தில் சுரண்டினார். உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

"இது பாலை ஹஸன்" என்றார். "ஒங்கட வாப்பா ஏசின கட்டை. ஆப்பு வெச்சும் பிளக்கல்ல. என்ன மரத்தடா கொண்டாந்தாய், போறணைக்கும் உதவாது எண்டு ஏசினாரு. கோவத்துல உருட்டி இதுல போட்டன். அவள்தான் வந்து முதல்ல குந்தினாள். எனக்கு நல்ல கதிரை கிடைச்சிரிக்கி எண்டாள்."

மூன்று ஊர் மரக்காலையும் சாகாமமும் அளந்துவிட்டு வந்த மனிசன், அவ்வளவு நாளும் தேடிய சாமானுக்கு மேலே குந்திக்கொண்டுதான் பாலை இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறார். வேறு நாளென்றால் நான் அவரை ஒரு மாதத்துக்கு வைத்துக் கிண்டல் பண்ணியிருப்பேன்.

"அரியட்டா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, மாமியிடம் கேட்டாரா தெரியவில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்த கட்டை அது.

"அரிங்க காக்கா" என்றேன்.

மரம் அரிகிற ஆலையில் வாள் புகைந்தது. ஆலைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நீளவாக்கில் நாலாக அரிந்து தந்தார். எல்லாத் துண்டிலும் ஒரு பக்கம் நிறையக் கோடாலி வெட்டு. செதுக்கி வழுவழுப்பாக்கித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார் காக்கா.

மாரிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மாங்கொம்பைப் பிடுங்கிவிட்டுத் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக நட்டோம். ஸஜாத்தும் வந்து மண் தள்ளினார். பெயர் எழுதாவிட்டால் என்ன, அத்தனை கோடாலி வெட்டு விழுந்த மீசான் கட்டை அந்த மையவாடியில் வேறு யாருக்கும் இல்லை. வாசலில் நின்றே தெரிகிறது. காக்கா ஸலாம் சொன்னார். அன்று வீட்டுக் கதை ஒன்றும் சொல்லவில்லை, சும்மா நின்றார்.

வரும் வழியில் என் கையைப் பிடித்தார்.

"மிச்சம் ரெண்டையும் எரிச்சிராதீங்க ஹஸன்."

"எரிக்கமாட்டன் காக்கா."

"என்னத்துக்கு எண்டு கேக்கமாட்டீங்களா?"

"கேக்கமாட்டன்."

இப்போது அவர் பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறார். அது ஆடுகிறதாம், முதுகு வலிக்கிறதாம், பிளேன்ரீக்குச் சீனியும் திரும்பக் கூடிவிட்டதாம். றிபாஸ் அடிக்கட்டை இல்லாமல் சீமெந்து நிலத்தில் வைத்து விறகு கொத்தி, நிலம் வெடித்துக் கிடக்கிறது. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் அந்த இரண்டு பாலைக்கட்டைகளும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. விறகு தட்டுப்பாடான நாளில் றிபாஸின் கண் அங்கே போகும். நான் போடுகிற சத்தத்தில் அடுத்த கடைக்காரனும் எட்டிப் பார்ப்பான். ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் போய் ஒரு தரம் பார்ப்பேன். யா அல்லாஹ், இந்த இரண்டும் இன்னும் கன காலம் இங்கேயே கிடக்கட்டும் என்று துஆக் கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.