மணலில் புதைத்த கால்

என் அண்ணனுக்குப் பாதம் மரத்துப்போனது எங்களுக்கு முதலில் தெரியவில்லை. கெளுத்தி முள் ஒன்று உள்ளங்காலில் ஏறி நின்றது. கட்டுமரத்திலிருந்து இறங்கி வீடுவரை அதோடு நடந்து வந்திருக்கிறான். அண்ணிதான் பார்த்துப் பிடுங்கினாள். வலிக்கவில்லை என்றான். வீரம் என்று நினைத்தோம். மடையர்கள்.

நீரிழிவு இருப்பது ஊருக்கே தெரியும். அவன் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். "இன்னா மாமு, பாயசம் ஊத்திட்டு வரியா?" என்று திருவொற்றியூர்க் குப்பமே கேலி செய்தது. அவனும் சிரிப்பான். ஆவாரம்பூக் கஷாயம், நாவல்கொட்டைத் தூள், பாகற்காய்ச் சாறு எல்லாம் குடித்தான். வேப்பெண்ணெய் தேய்த்தோம். சாறு குடித்தால் தாகம் அடங்குகிறது என்றான். இருக்கலாம். கால் மட்டும் அப்படியே இருந்தது. கட்டுமரத்தில் காலால்தான் பிடிமானம். அது போனவனை எவனும் கடலுக்கு ஏற்றிப் போகமாட்டான்.

எங்கள் பக்கத்தில் முழங்கால் வலி, குதிகால் வலி எதற்கும் உச்சி வெயிலில் கடல் மணலில் காலைப் புதைத்து உட்காருவார்கள். பலருக்குச் சுகம் கொடுத்ததுதான். சூடு தாங்காதபோது அவர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். அண்ணன் காலுக்கு அந்தச் சூடே தெரியாது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். மணலை அள்ளிப் போட்டவன் நான்.

"இன்னாடா, ஆறிப்போன மண்ணப் போடுறே? மேல் மண்ணா அள்ளிப் போடு," என்றான்.

"போதும்யா. என்னால கையே வெக்க முடியல," என்றாள் அண்ணி.

"நீ கம்முனு கெட. நரம்பு எயுந்து வர்ற நேரத்துல நிறுத்த சொல்றா பாரு."

நான் இன்னும் போட்டேன்.

சாயங்காலம் கொப்புளம். பத்து நாளில் பாதம் கறுத்து நாறியது. அதற்கும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பிக்கொண்டிருந்தோம். ஜுரத்தில் நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரி. கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்றார் டாக்டர். சம்மதக் காகிதத்தை அண்ணி தொடவே இல்லை.

"ஒங்கண்ணன் எயுந்தா என்னக் கொன்னுடும். நீயே போடு நைனா," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் கண்விழித்தவன் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். கத்தவில்லை.

"யாரக் கேட்டுடா?"

"நீ செத்துடுவேன்னாங்க."

"அத எங்கிட்ட கேட்டியா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. கஞ்சி வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"ஒக்காரு," என்றான்.

உட்கார்ந்தேன். பார்க்க வந்தவர்களையெல்லாம் நர்ஸ் வெளியே போகச் சொல்லும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.